திண்டிவனம் டிரம்முக்கு நான் போட்ட பின்-ரோலர் சக்கரம்

போன மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து ஒரு போன் வந்தது. டிசைன் பிரிவில் இப்போது இருக்கும் பெண் பேசினார். மெதுவாகச் சுற்றும் பெரிய டிரம் ஒன்றுக்கு ஆர்டர் வந்திருக்கிறதாம். பல்சக்கரத்துக்குப் பதிலாக இரும்புப் பின்னும் அதில் சுற்றுகிற ரோலரும் வைத்து ஓட்டுகிற முறை ஒன்றை வெளிநாட்டு கேட்டலாக்கில் பார்த்தாராம். நம் கம்பெனியில் இதை முன்னே யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா சார் என்று மரியாதையாகத்தான் கேட்டார். அப்படி எதுவும் கிடையாதம்மா என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. கிடையாது என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? செய்தவனே நான்தான். கம்பெனி வெள்ளி விழா மலரில் நாங்கள் செய்த மெஷினுக்கெல்லாம் படம் போட்டார்கள். கைப்பிடி உடைந்து திரும்பி வந்த கரும்பு ஆலைக்குக்கூட அரைப் பக்கம். இதற்கு ஒரு வரி இல்லை. அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து தெரியும்? ஆகவே எழுதுகிறேன். படித்துவிட்டு யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும். இனிமேல் யாரும் எனக்கு மெமோ கொடுக்க முடியாது.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தேன், சென்னையில் அப்ரென்டிஸாக இருந்தேன், ஊர்ப்பக்கமே இருக்கலாம் என்று விழுப்புரத்தில் இந்தக் கம்பெனியில் டிராப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. இந்தப் பக்கமெல்லாம் அப்போது தென்னாற்காடு மாவட்டம். கரும்பு பிழியும் ஆலை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையை உடைக்கிற மெஷின், அரிசி மில்லுக்கு வேண்டிய சாமான்கள் என்று விவசாயத்தைச் சுற்றியே எங்கள் வேலை இருந்தது.

கம்பெனிக்கு முதலாளி ஒருவர் இருந்தார். ஆனால் கம்பெனி என்றால் தணிகாசலம்தான். ஒர்க்ஸ் மேனேஜர். பிட்டராக உள்ளே வந்து, போர்மேனாகி, அந்த நாற்காலிக்கு வந்தவர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மடித்து வைத்த மஞ்சள் துணி. எந்த மெஷினும் அவர் ஆட்டிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டியது கிடையாது. முதலில் கையைத் துணியில் துடைத்துக்கொள்வார். பிறகு ஷாப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஒரு ஆட்டு, பக்கவாட்டில் ஒரு ஆட்டு, தன் பக்கமாக ஒரு இழுப்பு. ஆட்டும்போது கண்ணை மூடிக்கொள்வார். எங்காவது லொடக் என்று ஒரு சத்தம் வந்தால் போதும், ஒரு வார்த்தை பேசாமல் துணியை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போய்விடுவார். அந்த மெஷின் திரும்பவும் பிரிக்கப்படும். பிட்டர்கள் அவர் திட்டுக்குப் பயந்ததைவிட அந்தத் துணி மடிப்புக்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

இது அவர் கண்டுபிடித்த பழக்கம் இல்லை. எங்கள் பக்கத்தில் மெஷின் வாங்குகிற எல்லோரும் ஆட்டித்தான் பார்ப்பார்கள். திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கரும்புக்காரர்கள் ஆலை வாங்க வந்தால் ஊரில் கைபலம் உள்ள ஒருவரைக் கூடவே பஸ்ஸில் அழைத்து வருவார்கள். அவர் வந்து ஒவ்வொரு உருளையையும் பிடித்து உலுக்குவார். உலுக்கி ஆடினால் மெஷின் சரியில்லை, ஆடாவிட்டால் நல்ல மெஷின். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். கரும்பு ஆலைக்கு அது சரியான பரீட்சையும்கூட. ஆலையில் பேரிங் ஆடினால் சாறு போய்விடும். அதனால் "அவங்க மெஷினு ஆடாது" என்ற பேர் எங்களுக்குப் பெரிய சொத்து. அதைச் சம்பாதித்தவர் தணிகாசலம். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

இப்போது டிரம்முக்கு வருகிறேன். கோட்டக்குப்பத்துக்காரர் சலாம் பாய். வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, திண்டிவனத்தில் எண்ணெய் மில் வைத்திருந்தார். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிடுங்குகிற மல்லாட்டை ஈரத்தோடு வரும். வெயில் இல்லாமல் காய வைக்க முடியாது, போட்டு வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். அதற்காக மூடிக் கிடந்த ஏதோ ஒரு தொழிற்சாலையிலிருந்து பழைய டிரம் ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றி வந்துவிட்டார். ஆள் நிமிர்ந்து உள்ளே நடக்கலாம், அவ்வளவு பெரியது. ஒரு பக்கம் ஈர மல்லாட்டையைக் கொட்டிச் சூடான காற்றை விட்டு மெதுவாகச் சுற்றினால் மறுபக்கம் காய்ந்து வரும். ஆனால் டிரம்மின் இடுப்பைச் சுற்றியிருந்த வார்ப்புப் பல்சக்கரம் இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது.

அந்த அளவுக்குப் பல் வெட்டுகிற மெஷின் எங்கள் பக்கத்தில் எங்குமே கிடையாது. கோயம்புத்தூருக்கு எழுதிக் கேட்டதில், மாதிரிக் கட்டை செய்து, வார்த்து, வெட்டித் தர அந்த சீசன் முடிந்துவிடும் என்றார்கள். பாய் எங்கள் ஆபீசில் வந்து உட்கார்ந்துகொண்டார். இந்த சீசன் போனால் மில்லையே விற்க வேண்டியதுதான் என்று ஒரே பேச்சாகச் சொன்னார். தணிகாசலம் என்னைக் கூப்பிட்டு ஏதாவது வழி இருக்கிறதா பார் என்றார். இதைச் செய்து காட்டினால் டிசைனுக்கு என்று ஒரு தனிப் பிரிவு, அதற்கு நீதான் பொறுப்பு என்று முதலாளி முன்னாலேயே சொன்னார். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். இதைவிடப் பெரிய கனவு எனக்கு இருக்கவில்லை.

நான் போட்ட வழி இதுதான். டிரம்மைச் சுற்றி இரும்புத் தகட்டில் இரண்டு வளையம். இரண்டுக்கும் நடுவில் வரிசையாக எஃகுப் பின்கள். ஒவ்வொரு பின்னிலும் குழாய் மாதிரி ஒரு ரோலர், கையால் தள்ளினால் தானாகச் சுற்றும்படி. ஏணி ஒன்றை வளைத்து டிரம்முக்கு ஒட்டியாணம் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. கீழே மோட்டார் பக்கத்தில் சின்னதாக ஒரு பல்சக்கரம். அதன் பற்கள் ஏணிப்படிக்குள் நுழைந்து நுழைந்து டிரம்மைத் தள்ளும். வேகமாகச் சுற்றுவதற்கு இது ஆகாது. ஆனால் அந்த டிரம் மாட்டு வண்டிச் சக்கரத்தைவிட மெதுவாகத்தான் சுற்றும்.

சாதாரணப் பல்சக்கரத்தில் பல்லும் பல்லும் உரசிக்கொண்டுதான் ஓடும். நடுவில் கிரீஸ் வேண்டும். மல்லாட்டையோ மண்ணோடு வருகிற சாமான். கிரீஸில் மண் ஒட்டினால் அதுவே பல்லை அரைத்துத் தின்றுவிடும். ரோலர் அப்படி இல்லை. பல் வந்து தள்ளும்போது அது தன் பின்னைச் சுற்றி உருண்டு கொடுக்கும். அடுத்த முறை வேறொரு பக்கத்தைக் காட்டும். அதனால் ஒரே இடம் தேயாது. ஒரு பின் போனாலும் அதைத் தட்டி எடுத்துவிட்டுச் சாதாரண லேத்தில் இன்னொன்று கடைந்து போட்டுக்கொள்ளலாம். ஆனால் இதெல்லாம் நடப்பதற்கு ஒரே ஒரு நிபந்தனை. ரோலர் சுற்ற வேண்டும். சுற்ற வேண்டுமானால் உள்ளே கொஞ்சம் இடம் வேண்டும். இடம் இருந்தால் கையால் பிடித்து ஆட்டும்போது ஆடத்தான் செய்யும்.

பல்லின் வடிவம்தான் என்னை வாட்டியது. புத்தகத்தில் கணக்கு இருந்தது, என் கையில் இருந்த புத்தகத்தில் அது முழுசாக இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பழைய எக்ஸ்ரே பிலிம்கள் வாங்கி வந்தேன். சுடுதண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் கறுப்பு போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வளையத்தையும் ரோலர்களையும் போர்டில் முழு அளவில் வரைந்து, சின்னச் சக்கரத்துக்கான பிலிமை அதன் மேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டினேன். ஒவ்வொரு நிலையிலும் ரோலர் இருக்கும் இடத்தை பிலிமில் வட்டமாகக் குறித்தேன். ரோலர் போகிற வழியெல்லாம் வட்டம் வட்டமாக விழும். அந்த வட்டங்கள் தொடாமல் விட்ட இடம்தான் பல். அது கண் முன்னால் தெரிந்த அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் அனுபவித்ததில்லை. என் மனைவி இதைப் படித்தால் படிக்கட்டும், அவளுக்குத் தெரிந்த விஷயம்தான்.

துளை போடுவதிலும் ஒரு கண்டம் இருந்தது. ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக அளந்து போட்டுக்கொண்டே போனால் மயிரிழைத் தப்பு சேர்ந்து சேர்ந்து கடைசித் துளையில் வந்து நிற்கும், வளையம் ஒன்றோடொன்று பொருந்தாது. அதனால் வளையத்தைத் துண்டு துண்டாக வெட்டினோம். எல்லாத் துண்டுக்கும் துளையின் இடம் காட்டுகிற ஒரே ஜிக் வைத்து, இடது தகட்டையும் வலது தகட்டையும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, ஒரே துளையாகப் போட்டோம். எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்த டிரம்மில் எல்லாவற்றையும் கூட்டியபோது கடைசித் துண்டு கை அழுத்தத்திலேயே போய் உட்கார்ந்தது. பட்டறையில் அன்று எல்லோருக்கும் முதலாளி போண்டா வாங்கிக் கொடுத்தார்.

தணிகாசலம் வந்தார். துணியில் கையைத் துடைத்தார், கண்ணை மூடி ஒரு ரோலரைப் பிடித்து ஆட்டினார். அது குலுங்கியது. அடுத்ததை ஆட்டினார், அதுவும் குலுங்கியது. நான் பக்கத்தில் நின்று, இது பேரிங் ஆட்டம் இல்லை சார், ரோலர் சுற்றுவதற்காக வேண்டுமென்றே விட்ட இடம் என்று விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டார். அவருக்குப் புரியாமல் இல்லை, கேள்வியும் சரியான கேள்வியாகத்தான் கேட்டார். கடைசியில் துணியை மடித்தார். பாய் அவசரப்படுத்தியதால்தான் அது கேட்டைத் தாண்டியது. ஆட்டிப் பார்த்து யாராவது கேட்டால் நீதான் பதில் சொல்லணும் என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் அருமையாக ஓடியது. வாரம் ஒருமுறை நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். டிரம் ஓட்ட ஏழுமலை என்று ஒருவர் இருந்தார். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம். மல்லாட்டை பிடுங்கும் கூலி வேலையிலிருந்து மில்லுக்கு வந்தவர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். மாதச் சம்பளம் என்று அவர் வீட்டில் முதலில் வாங்கியவர் அவர்தான். டிரம்மில் சரக்கு இல்லாத நேரத்தில் ரோலர்கள் சலசலவென்று சத்தம் போடும். ஜதை மாடு ஜல்ஜல்னு போற மாரி போவுது சார் என்பார்.

அந்தச் சலசலப்புதான் எமனாக வந்தது. ஏணிச் சக்கரத்தைப் பார்க்க அக்கம்பக்கத்து மில்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஓடாத நேரத்தில் ஆளுக்கு ஒரு ரோலரைப் பிடித்து ஆட்டினார்கள். இன்னா பாய், அந்தக் கம்பெனி மெஷினே ஆடுதா என்று சிரித்தார்கள். பேச்சு பஸ் ஏறி விழுப்புரத்துக்கு வந்தது. ஆலை வாங்க வந்த திருவெண்ணெய்நல்லூர் ஆள் ஒருவர், திண்டிவனத்தில் உங்க மெஷினு லொடலொடன்னு கீதாமே என்று தணிகாசலத்தின் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டு, வாங்காமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் நான் திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மில்லுக்குள் நுழைந்தேன். டிரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தமே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ரோலருக்கும் இரண்டு பக்கமும், சுற்ற முடியாதபடி பின்னோடு சேர்த்து, வெல்டிங் பொட்டு. ஒன்று விடாமல் வைத்திருந்தார்கள். எங்கள் கம்பெனி வெல்டர் ஞாயிற்றுக்கிழமை வந்து வைத்துவிட்டுப் போனாராம், தணிகாசலம் அனுப்பியதாக. வெல்டிங் வைப்பதற்காகக் கழற்றிய சின்னச் சக்கரத்தின் தகட்டு மூடியைக்கூடத் திரும்ப மாட்டவில்லை, அது சுவரோரம் சாய்ந்து கிடந்தது. பல் உரசி உரசி ரோலர்களில் ஒரே இடத்தில் தட்டையாகப் பளபளப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

நேராகப் பாயிடம் போனேன். மெஷினை நிறுத்துங்கள், பொட்டையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, வெல்டிங் சூடு பட்டு நொறுங்குகிற மாதிரி ஆன பின்களை மாற்றிவிட்டு ஓட்டுங்கள், இப்படியே ஓட்டினால் பின் உடையும் என்று நின்ற இடத்திலேயே சொன்னேன். ஏழுமலையும் பக்கத்தில்தான் நின்றார். பாய் நல்ல மனிதர், பயந்துபோனார். வெளியே மழை, களத்தில் ஈர மல்லாட்டை மலைபோல் குவிந்து கிடந்தது. டிரங்க் கால் போட்டுத் தணிகாசலத்தைப் பிடித்தார். பேசிவிட்டு ரிசீவரை என்னிடம் கொடுத்தார்.

தணிகாசலம் சத்தம் போடவில்லை. "சேகரு, டிராயிங்கு உன்னுது. மெஷினு கம்பெனியுது. ஜல்தியா பஸ்ஸ புடிச்சி வா" என்றார்.

நான் போகவில்லை. இன்னொரு முறை பாயிடம் கெஞ்சினேன். அவர் என்ன செய்வார் பாவம், மேனேஜர் ஓட்டச் சொல்கிறார், டிராப்ட்ஸ்மேன் நிறுத்தச் சொல்கிறான். கடைசியில் ஏழுமலையிடம் ஏதாவது சத்தம் மாறினால் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பெரிய இடத்துக்குப் போகலாம் என்று விழுப்புரத்தில் முதலாளி வீட்டுக்கே போய்ச் சொன்னேன். தணிகாசலத்துக்குத் தெரியாததா என்று அவர் கேட்டார். மறுநாள் எனக்கு மெமோ வந்தது, மேலதிகாரியைத் தாண்டிப் பேசியதற்காக.

அந்த வாரத்திலேயே ஒரு பின் உடைந்தது. உடைந்த துண்டு சின்னச் சக்கரத்தின் பல்லில் சிக்கி டிரம் நின்றுவிட்டது. நான் சொன்னபடி ஏழுமலை மோட்டாரை நிறுத்தினார். அதுவரை எல்லாம் சரி. ஆனால் உள்ளே ஈரச் சரக்கு ஒரு பக்கமாக மேலேறி நின்றது. டிரம்மை அது கீழே இழுத்துக்கொண்டிருந்தது, சிக்கிய துண்டுதான் பிடித்து நிறுத்தியிருந்தது. அவர் அந்தத் துண்டை எடுக்கக் கையை விட்டார். மூடி இருந்திருந்தால் கை போயிருக்காது. துண்டு வெளியே வந்தது, டிரம் தன் பாரத்துக்குத் திரும்பிச் சுழன்றது, கை பல்லுக்கும் ரோலருக்கும் நடுவில் போய்விட்டது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் பாய் தன் காரிலேயே தூக்கிக்கொண்டு போனார். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

மறுநாள் பாயின் ஆபீசில் எல்லோரும் உட்கார்ந்தோம். முதலாளி, தணிகாசலம், பாய், நான். விபத்து பற்றி இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரியும் ஒருவர் இருந்தார். அந்தப் பேச்சு எனக்கு இன்றைக்கும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. தணிகாசலம் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"பாய், மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. போட்டவனே இங்க வந்து இது ஒடையும்னு சொல்லிட்டுத்தான் போனான். உங்க எதிர்லதான் சொன்னான். புது மாதிரின்னு ஆசப்பட்டு வுட்டுட்டோம், எங்க மேலதான் தப்பு. கம்பெனி செலவுல கியரு போட்டுத் தர்றோம்."

பாய் என் பக்கம் திரும்பினார். "நீங்க அப்பிடித்தான தம்பி சொன்னீங்க?"

சொன்னேன் என்றேன். வெல்டு வைத்ததால் சொன்னேன், வெல்டு வைக்காவிட்டால் உடையாது என்றேன். வெல்டு வைக்காவிட்டால் ஆடிக்கொண்டிருந்ததே என்றார் முதலாளி. அதிகாரி தலையை ஆட்டினார். வைத்தால் உடைகிறது, வைக்காவிட்டால் ஆடுகிறது, அப்படியானால் சாமானே சரியில்லை என்று ஆகிவிட்டது. அந்த அறையில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. காப்பாற்றுவதற்காக நான் சொன்ன வார்த்தையையே எடுத்து எனக்குக் கயிறாகத் திரித்துவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் சந்தேகத்தின் பலனாவது எனக்குக் கிடைத்திருக்கும்.

அந்த சீசன் பாய்க்குப் போய்விட்டது, கடன்பட்டுச் சமாளித்தார். கோயம்புத்தூர் பல்சக்கரம் அடுத்த வருஷம் வந்தது. என் வளையத்தை கேஸ் வைத்து வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஏழுமலைக்கு எங்கள் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கொடுக்க வேண்டும் என்று முதலாளியிடம் பிடிவாதமாக நின்று வாங்கிக் கொடுத்தவர் தணிகாசலம். ஊரே அவரை மெச்சியது. டிசைன் பிரிவு என்ற பேச்சு அதோடு அடங்கியது. அதற்கப்புறம் பட்டறையில் யாராவது புதிதாக ஏதாவது சொன்னால் "ஏணி போடலாமா?" என்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பழைய டிராயிங்குகளை நகல் எடுத்துக்கொண்டே அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேட்பீர்கள். குடும்பம் ஒன்று. இன்னொன்று, தணிகாசலத்துக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்று நான் நம்பினேன். கரும்பு ஆலையோடு வளர்ந்தவர், ஆட்டம் என்றால் தப்பு என்றே கை பழகிவிட்டது, வெல்டு வைத்தால் நல்லது என்று நினைத்துத்தான் வைத்திருப்பார். தெரியாமல் செய்தவர் மேல் கோபம் வரும், ஆனால் அவரோடு வேலை பார்க்கலாம். அந்த நம்பிக்கையில் வருஷங்கள் ஓடின.

எண்பதுகள் முடிகிற சமயம். அவர் ரிட்டையர் ஆகச் சில மாதங்கள் இருந்தன. ஒரு வேலையாக இரண்டு பேரும் திண்டிவனம் போய்விட்டு ஜீப்பில் திரும்பினோம். வழியில் கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். பாய் மில்லைப் பற்றிப் பேச்சு வந்தது. பல்சக்கரம் இரண்டாவது முறையாகத் தேய்ந்துவிட்டது என்று பாய் அன்று சொல்லியிருந்தார். தணிகாசலம் டீயை ஆற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"உன் ஏணி நிந்திருக்கும்டா சேகரு. வெல்டு வெச்சா ஒடையும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

தெரிந்து ஏன் வைத்தீர்கள் என்று கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"சீசன் வரைக்கும் தாங்கும்னு கணக்கு போட்டேன். ஆடற மெஷின நான் வெளிய வுட்டேன்னு பேராயிருந்தா, அப்பறம் எவன் நம்மகிட்ட ஆலை வாங்குவான்? எத்தினி பேரு வவுறு அது? உன்னுது போனா ஒரு டிசைனுதான."

ஏழுமலை கை என்றேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு மஞ்சள் துணியில் கையைத் துடைத்தார். அதுக்குத்தான் வேலை வாங்கிக் குடுத்தேன் என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கும் உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆனால் அது அரித்து எனக்கென்ன? தெரியாமல் செய்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச நிம்மதியும் அந்த டீக்கடையில் போய்விட்டது.

கம்பெனி கேட்டில் ஹாரன் அடித்ததும் ஏழுமலை வந்து திறந்தார். தணிகாசலத்துக்கு இடது கையால் சலாம் வைத்தார். எனக்கு வைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவர் எனக்குச் சலாம் வைத்ததில்லை, என் முகத்தைப் பார்த்ததும் இல்லை. கை போனது நான் போட்ட சக்கரத்தால் என்றுதான் பட்டறையில் எல்லோரும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் மத்தியான சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்குப் போனேன். இவ்வளவு வருஷமும் வாயடைத்துக் கிடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானமாகப் போனேன். யார் வெல்டு வைக்கச் சொன்னது, அது உடையும் என்று யாருக்குத் தெரிந்திருந்தது, முந்தின நாள் கூட்டேரிப்பட்டில் தணிகாசலம் தன் வாயாலேயே என்ன சொன்னார், எல்லாவற்றையும் சொன்னேன். ஏழுமலை சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திக் கேட்டார். இடது கையில் பிடித்திருந்த ஸ்பூனைத் தூக்கில் வைத்தார். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க அன்னிக்கு நிறுத்தச் சொன்னப்ப நானும்தான சார் அங்க நின்னுக்கினு இருந்தேன். எனக்குத் தெரியாதா?" என்றார். "இத்த இப்ப எதுக்கு சார் எங்கிட்ட சொல்றீங்க? காலையில அவரு வந்தா நான்தான் கேட்ட தொறக்கணும். ரெண்டு பொண்ணு வெச்சிருக்கேன். உங்க மேல கோவமா இருந்தா எனக்கு சுளுவா போவுது. அத்தயும் கெடுக்காதீங்க."

நான் திரும்பி வந்து என் போர்டின் முன்னால் உட்கார்ந்தேன். மறுநாள் காலையில் தணிகாசலத்தின் ஜீப் வந்தபோது ஏழுமலை கேட்டைத் திறந்து சலாம் வைத்தார். பின்னாலேயே சைக்கிளில் வந்த நான் இறங்கி உருட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழுமலை வேலையை விட்டுப் போகிற வரைக்கும் எங்களுக்குள் அப்படியே இருந்தது.